தேடாதவர்கள் ‘இல்லை’ என்று சொல்லக்கூடாது

மலையக மக்களின் சுகாதாரம் பற்றி அண்மையில் எழுதிய கட்டுரையாளர் ஒருவர், மூளை, நரம்பு நோய்களைப் பேசுவோரையெல்லாம் ஒரே வீச்சில் ஒதுக்கித் தள்ளியிருக்கிறார். அவருடைய வாதத்தை அவர் சொன்ன வரிசையிலேயே தருகிறேன். தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் அழிகிற இயக்க நரம்பணு நோயும், நினைவும் சிந்தனையும் குணமும் தேய்கிற டிமென்ஷியாவும் நீண்ட ஆயுள் வாழும் வெள்ளைக்காரர்களின் நோய்கள். தோட்டத்தில் கைகால் சோர்வது உழைப்பால். வயதானவர்களின் புத்தி தடுமாறுவது முதுமையாலும் சாராயத்தாலும். மூளையின் எந்தப் பகுதி எந்தப் பகுதியோடு தொடர்பு வைத்திருக்கிறது என்று படம் பிடிப்பது பணக்கார நாடுகளின் பொழுதுபோக்கு. மருந்தே இல்லாத நோயைக் கண்டுபிடித்து ஆகப்போவது ஒன்றுமில்லை. கழிப்பறையும் குடிநீரும் ஒழுங்காக இல்லாத லயத்துக்கு மூளையின் மின்னலைகளை அளக்கும் ஈ.ஈ.ஜி. எதற்கு?

கடைசிக் கேள்விக்கு எந்த மேடையிலும் கைதட்டல் கிடைக்கும். ஏழையின் பக்கம் நின்று பேசுவதுபோல அது ஒலிக்கிறது. அதனால்தான் இந்த வாதத்தை விட்டுவைக்க முடியவில்லை. ஏழைக்கு இந்த நோய் வராது, வந்தாலும் பெயர் வேண்டாம், பெயர் தெரிந்தாலும் பயனில்லை என்று மூன்று முறை கதவைச் சாத்திவிட்டு, அதற்கு மக்கள் நலன் என்று பெயர் சூட்டுகிறார். இதில் ஒரு கதவைக்கூடச் சாத்த அவருக்கு உரிமையில்லை.

அவர் ‘இல்லை’ என்கிறார். எந்தக் கணக்கைப் பார்த்தார்? கட்டுரை முழுவதிலும் ஓர் எண் இல்லை. இலங்கையில் டிமென்ஷியா எவ்வளவு என்று கேட்டால் பலரும் எடுத்துக்காட்டுவது ராகமையில் நடந்த கணக்கெடுப்பை. 2003இல் வெளியான அந்த ஆய்வு, 65 வயதைத் தாண்டியவர்களில் ஏறத்தாழ 100க்கு 4 பேரிடம் டிமென்ஷியாவைக் கண்டது. ராகமை, கொழும்பை ஒட்டிய கம்பஹா மாவட்டத்து ஊர். அந்த ஆய்வாளர்கள் தங்கள் பகுதி மக்களுக்கென்றே சோதனையைச் சிங்களத்தில் தகவமைத்துக்கொண்டு தேடினார்கள், தேடியதால் கண்டார்கள். அந்தக் கணக்கில் பொகவந்தலாவை இல்லை, மஸ்கெலியா இல்லை, இராகலை இல்லை. இந்தியாவைப் பாருங்கள். 2023இல் வெளிவந்த தேசிய அளவிலான ஆய்வு, 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதத்தினருக்கு, அதாவது 88 இலட்சம் பேருக்கு, டிமென்ஷியா இருப்பதாக மதிப்பிட்டது. நம் பாட்டன்மார் கப்பலேறிய அதே தேசம்தான் அது. கடலைத் தாண்டியதும், மலை ஏறியதும் அவர்களுடைய மூளைக்கு எந்தப் பாதுகாப்பையும் தந்துவிடவில்லை.

இயக்க நரம்பணு நோயை வெள்ளைக்காரர்களின் நோய் என்று எழுதியவர் ஒரு நரம்பியல் பாடநூலைப் புரட்டியிருந்தால், அதில் நம் பாட்டன்மார் நாட்டு ஊர்ப் பெயரே அச்சாகியிருப்பதைக் கண்டிருப்பார். 1970இல் மீனாட்சிசுந்தரம், ஜெகந்நாதன், பி. ராமமூர்த்தி ஆகிய மருத்துவர்கள் இளவயதினரிடம் காணப்பட்ட ஒருவகை இயக்க நரம்பணு நோயை விவரித்தார்கள். கைகால் மெலியும், முகமும் நாக்கும் தளரும், காது மந்தமாகும். ஆனால் நோயாளி பல ஆண்டுகள் உயிர்வாழ்வார். உலகம் அதை இன்றும் ‘மதராஸ் இயக்க நரம்பணு நோய்’ என்றே அழைக்கிறது. தமிழ்நாட்டிலும் அதை அடுத்த மாநிலங்களிலும் அதிகம் பதிவான நோய் அது. இயக்க நரம்பணு நோயை உண்டாக்கும், ஐரோப்பியரிடம் பரவலாகவும் ஆசியர்களிடம் அரிதாகவும் காணப்படும் ஒரு மரபணுக் கோளாறு 2011இல் கண்டுபிடிக்கப்பட்டது உண்மைதான். கட்டுரையாளர் அதைக் காதால் கேட்டிருக்கலாம். ஆனால் இயக்க நரம்பணு நோயாளிகளில் 10இல் ஒன்பது பேருக்குக் குடும்பத்தில் வேறு எவருக்கும் நோய் இருப்பதில்லை. ஒரு மரபணு அரிது என்பதால் நோயே அரிது என்று எழுதுவது அறியாமை.

மலையகத்தையே எடுத்துக்கொள்வோம். 1977-78இல் தேயிலைத் தோட்டங்களில் இருபதுக்கு மேற்பட்ட இளம் பெண்களுக்குக் கால்கள் தளர்ந்தன. பாதம் தொங்கியது, நடை குலைந்தது, கைத்தசைகள் மெலிந்தன. எல்லோரும் தமிழ்ப் பெண்கள், பெரும்பாலும் அண்மையில் வயதுக்கு வந்த பிள்ளைகள். உழைப்பின் களைப்பு என்று சொல்லியிருக்கலாம். சத்துக் குறைவு என்று சொல்லியிருக்கலாம். தீட்டுக் காலத்தில் காற்றுக் கருப்பு அடித்துவிட்டது என்று கோடாங்கியைக் கூப்பிட்டிருக்கலாம். நம் கட்டுரையாளரிடம் கேட்டிருந்தால் இந்த மூன்றில் ஒன்றைத்தான் சொல்லியிருப்பார். நல்லவேளையாக அந்தப் பிள்ளைகள் பேராதனையைச் சேர்ந்த நரம்பியல் மருத்துவர் நிமல் சேனாநாயக்கவின் கண்ணில் பட்டார்கள். அவர் வீட்டில் என்ன கொடுத்தார்கள் என்று கேட்டார். வயதுக்கு வந்த பிள்ளைக்கு இடுப்பு பலப்பட வேண்டும் என்று தாய்மார் கொடுத்த பச்சை நல்லெண்ணெயில் வந்து நின்றது விடை. ஒரு குறிப்பிட்ட வகை நல்லெண்ணெயில் டிரைகிரெசில் பொஸ்பேட் என்ற இரசாயனம் கலந்திருந்தது. இயந்திர எண்ணெய்களில் சேர்க்கப்படும் பொருள் அது. முன்பு கனிம எண்ணெய் இருந்த கலங்களில் நல்லெண்ணெயைக் கொண்டுவந்ததால் கலந்திருக்கவேண்டும் என்பது ஆய்வாளர்களின் முடிவு. சேனாநாயக்கவும் அவருடைய இணை ஆய்வாளர் ஜெயரட்ணமும் இதை 1981இல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள்.

அதே ஆண்டு சேனாநாயக்க இன்னொரு கட்டுரையும் வெளியிட்டார். அந்தப் பெண்களை மூன்று ஆண்டுகள் பின்தொடர்ந்து, நரம்புகளில் மின்னோட்டம் எப்படிப் போகிறது என்று அளந்து எழுதியது. கைகால் நரம்புகளோடு, மூளையிலிருந்து தண்டுவடம் வழியாகக் கீழிறங்கும் இயக்கப் பாதையையும் அந்த நஞ்சு தொட்டிருந்தது என்பதுதான் அதில் முக்கியமான செய்தி. இந்த நஞ்சின் வரலாறே அப்படித்தான். 1930இல் அமெரிக்காவில் இஞ்சிச் சாறு என்று விற்ற மதுவில் இதே குடும்பத்து இரசாயனம் கலந்து பல்லாயிரம் ஏழைகளை முடமாக்கியது. 1959இல் மொரோக்கோவின் மெக்னெஸ் நகரில் சமையல் எண்ணெயில் விமான எண்ணெய் கலந்து ஏறத்தாழ 10,000 பேரை வீழ்த்தியது. அமெரிக்க நோயாளிகளில் சிலரை 47 ஆண்டுகளுக்குப் பின் தேடிப்பிடித்துச் சோதித்தபோது, கால்களின் விறைப்பு எஞ்சியிருந்தது. கைகால் நரம்பு ஆறிய பிறகும் தண்டுவடத்துப் பாதை ஆறவில்லை. இயக்க நரம்பணு நோயில் அழிவதும் இந்த இரண்டு மட்டங்கள்தான்: மூளையிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கும் நரம்பணு, தண்டுவடத்திலிருந்து தசைக்குப் போகும் நரம்பணு.

ஆக, மலையகத்துக்கும் இயக்க நரம்புகளின் அழிவுக்கும் சம்பந்தமில்லை என்று எழுதுகிறவர், மலையகத்தின் சொந்த மருத்துவ வரலாற்றையே அறியாதவர். வயதுக்கு வந்த பிள்ளைகளின் கால்களைப் பார்த்து ‘ஏன்’ என்று ஒருவர் கேட்டதால் உலகம் ஒரு பாடம் படித்தது. கேட்காமல் விட்டிருந்தால், அதே எண்ணெய் அடுத்த வீட்டுப் பிள்ளைக்கும் போயிருக்கும்.

அங்கேயே நிற்கவில்லை அந்த வேலை. 1987இல் சேனாநாயக்கவும் லக்ஷ்மன் கரல்லியெத்தவும், பூச்சிக்கொல்லி நஞ்சுண்டு பிழைத்தவர்களுக்கு ஒன்று முதல் நான்கு நாள்களுக்குள் கழுத்தும் தோளும் தளர்ந்து மூச்சு நின்றுபோகும் நிலையைத் தனியாகப் பிரித்துக் காட்டினார்கள். இன்று உலகமெங்கும் அவசர சிகிச்சை மருத்துவர்கள் அதைப் படித்துவிட்டுத்தான் நோயாளியைக் கையாள்கிறார்கள். பின்னர் 2007இலும் 2008இலும், தாரக தசநாயக்க உள்ளிட்ட குழு, அதே நஞ்சிலிருந்து மீண்டவர்களின் மூளை அலைகளை அளந்தது. வழக்கமான ஓசைகளுக்கு நடுவே அரிதாக வரும் ஓர் ஓசையைக் கேட்கும்போது, ஏறத்தாழ 300 மில்லி விநாடியில் மூளையில் ஓர் அலை எழும். நஞ்சுண்டவர்களுக்கு அந்த அலை தாமதித்தது. ஆறு மாதங்கள் கழித்து, உடம்பு தேறிவிட்டது என்று எல்லோரும் நம்பிய பிறகும், தாமதம் நீங்கவில்லை. மூளையின் செயற்பாட்டை அளப்பது பணக்கார நாட்டுப் பொழுதுபோக்கு என்கிறாரே, அது ஹட்டனிலிருந்து நாவலப்பிட்டி, கம்பளை வழியாக பஸ்ஸில் போய்ச் சேரும் பேராதனையில், நம்மைப் போன்ற ஏழைகளுக்காக நடந்திருக்கிறது.

இனி உழைப்பும் சாராயமும். இந்த இரண்டு காரணங்களும் தோட்டத்தில் யாரும் எப்போதும் எடுத்து நீட்டக்கூடியவை. நோயாளியைப் பார்க்கவேண்டிய வேலையே மிச்சம். கொழுந்து பறித்து வந்தவளின் இரு கைகளும் வலிக்கும், இரவு தூங்கி எழுந்தால் ஓரளவு தேறும். அது களைப்பு. ஒரு கையின் பெருவிரலடிச் சதை மட்டும் குழிந்துபோவதும், வலியே இல்லாமல் கொழுந்தைக் கிள்ள முடியாமல் போவதும், சும்மா உட்கார்ந்திருக்கும்போது தோலுக்கடியில் தசை துடித்துக்கொண்டே இருப்பதும் களைப்பு அல்ல. பேச்சு குழறி, தேத்தண்ணி குடிக்கும்போது புரையேறி, மாதத்துக்கு மாதம் கூடிக்கொண்டே போவது எந்த உழைப்பாலும் வருவதில்லை. 1869இலேயே பாரிஸ் நகரின் மருத்துவர் ஷார்கோ இந்த அடையாளங்களைப் பிரித்தறிந்தார். அவரிடம் எந்த ஸ்கானும் இருக்கவில்லை. தோட்டத்து டிஸ்பென்சரியில் ஒரு வலிநிவாரணி மாத்திரையையும் தடவ ஒரு களிம்பையும் கொடுத்து மலைக்கு அனுப்பிவிடுவதற்கு ‘உழைப்புத்தான் காரணம்’ என்ற வாக்கியம் போதுமானது. கட்டுரையாளர் அந்த வாக்கியத்தை அச்சேற்றிக் கொடுத்திருக்கிறார்.

சாராயம் பற்றி அவர் எழுதியிருப்பது இன்னும் கொடுமை. டிமென்ஷியா என்றால் மறதி என்று மட்டும் எண்ணிக்கொண்டு எழுதுகிறார். மூளையின் முன்பகுதியும் பக்கப் பகுதியும் தேயும் டிமென்ஷியாவில் ஆரம்பத்தில் நினைவு கெடுவதில்லை, குணம் கெடுகிறது. 1892இல் பிராக் நகரில் ஆர்னோல்ட் பிக் இதை விவரிக்கத் தொடங்கினார். சீட்டுக் காசைச் சல்லி பிசகாமல் காத்த பெண் அதை யாரிடமோ தூக்கிக் கொடுத்துவிடுவாள். வெட்கம் போகும். இனிப்பை அள்ளி அள்ளித் தின்னத் தோன்றும். சொந்தப் பிள்ளை அழுதாலும் முகம் மாறாது. ஐம்பது வயதைத் தாண்டிய ஓர் ஆண் இப்படி ஆனால் லயமே ‘குடித்துக் கெட்டான்’ என்று சொல்லும். ஒரு பெண் ஆனால் பேய் பிடித்தது என்றோ, நடத்தை கெட்டது என்றோ பேசும். வீட்டார் அவமானத்தில் கதவைச் சாத்திக்கொள்வார்கள். ஒரு நோயாளியை ஊர் இழிவுபடுத்துவதைத் தடுக்கவேண்டிய எழுத்து, அந்த இழிவுக்குக் காரணம் கற்பித்துத் தருகிறது. அதுமட்டுமல்ல. சாராயம்தான் காரணம் என்று மெய்யாகவே நம்புகிறவர், அளவுமீறிக் குடிப்பவர்களின் மூளையைத் தயமின் என்ற உயிர்ச்சத்து இல்லாமை தாக்குகிறது என்பதையும், அதை வேளையோடு ஊசியாகப் போட்டால் காப்பாற்ற முடியும் என்பதையும் எழுதியிருக்கவேண்டும். எழுதவில்லை. அவருக்குச் சாராயம் ஒரு மருத்துவக் காரணமாகத் தேவைப்படவில்லை, பேச்சை முடித்துவைக்கத்தான் தேவைப்பட்டது.

இயக்க நரம்பணு நோயும் இந்த டிமென்ஷியாவும் இரண்டு தனி நோய்கள் என்று நெடுங்காலம் மருத்துவர்களே நினைத்திருந்தார்கள். 2006இல் அந்த எண்ணம் உடைந்தது. இயக்க நரம்பணு நோயாளிகளில் பெரும்பாலோரிடமும் இந்த டிமென்ஷியா நோயாளிகளில் பலரிடமும் இறந்துபோகும் நரம்பணுக்களுக்குள் டி.டி.பி.-43 என்ற ஒரே புரதம் கட்டிப்பட்டுக் கிடப்பதை மனுவேலா நொய்மனும் அவருடைய அமெரிக்கச் சகாக்களும் காட்டினார்கள். இயக்க நரம்பணு நோயாளிகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குச் சிந்தனையிலோ நடத்தையிலோ மாற்றம் தெரிகிறது. 100க்கு 15 பேரளவில் அது முழு டிமென்ஷியாவாகவே வளர்கிறது. கை விழுந்தவரின் குணமும் மாறுகிறதென்றால் அது மனக்கவலை மட்டுமாக இருக்கவேண்டியதில்லை. சாவு வீட்டில் அடக்க முடியாமல் சிரிப்பவரும், ஒன்றுமில்லாததற்கு விம்மி அழுபவரும் இந்த நோயாளிகளில் உண்டு. சிரிப்பையும் அழுகையையும் கட்டுப்படுத்தும் பாதை அறுந்திருக்கிறது, அவ்வளவுதான். இதை அறியாத குடும்பம் நோயாளியைக் கைநீட்டி அடித்துவிடக்கூடும்.

இங்கேதான் மூளைத் தொடர்புகளைப் பற்றிய ஆராய்ச்சி வருகிறது. கட்டுரையாளர் இதை வெறும் படம் பிடிக்கும் வேலை என்கிறார். மூளையில் தனித்தனிப் பகுதிகள் இருப்பதுபோல, அவற்றை இணைக்கும் வலைப்பின்னல்களும் உண்டு. வெளியே நடப்பதில் எது முக்கியம், எதிரில் இருப்பவர் என்ன உணர்கிறார் என்று கவனிக்க ஒரு வலை. சும்மா இருக்கும்போது பழையதை நினைக்க, நாளையை எண்ண இன்னொரு வலை. 2010இல் சான் பிரான்சிஸ்கோவில் வில்லியம் சீலியின் குழு, குணம் கெடும் டிமென்ஷியாவில் முதல் வலை தளர்ந்து இரண்டாவது இறுகுவதையும், அல்சைமரில் இதற்கு நேர்மாறாக நடப்பதையும் காட்டியது. டப்ளினில் ஓர்லா ஹார்டிமனின் குழு இயக்க நரம்பணு நோயாளிகளைச் சும்மா உட்காரவைத்து ஈ.ஈ.ஜி. எடுத்தது. மூளை அடங்கிப்போயிருக்கும் என்று எதிர்பார்ப்போம். ஆனால் முன்பகுதிக்கும் அடுத்த பகுதிகளுக்கும் இடையே தொடர்பு வழக்கத்தைவிடக் கூடியிருந்தது. ஒரு பாலம் உடைந்தால் லொறிகளெல்லாம் மறுபாதையில் நெரிவதுபோல என்று ஒரு விளக்கம். அடக்கிவைக்கும் நரம்பணுக்கள் முதலில் சாவதால் மற்றவை கட்டுக்கடங்காமல் முழங்குகின்றன என்று மற்றொரு விளக்கம். சிட்னியில் மத்தியூ கீர்னனும் ஸ்டீவ் வூசிச்சும் கண்டது இரண்டாவதற்கு வலுச் சேர்க்கிறது. பரம்பரையாக இந்த நோய் வரும் சில குடும்பங்களில், கைகால் விழுவதற்கு முன்பே மூளையின் இயக்கப் பகுதி மிகைத் தூண்டலுக்கு ஆளாகியிருந்ததை 2008இல் அவர்கள் அளந்து காட்டினார்கள். தசை மெலிந்து கண்ணுக்குத் தெரிவது கதையின் நடுப்பகுதி. தொடக்கம் மூளையில், வெளியே ஒன்றும் தெரியாத நாள்களில்.

இந்த அளவைகளில் பல இன்னும் ஆய்வுக்கூடத்தைவிட்டு வெளியே வரவில்லை. ஒரு தனி மனிதருக்கு நோய் உண்டா இல்லையா என்று ஒரு தொடர்புப் படத்தை மட்டும் வைத்து இன்று எந்த மருத்துவரும் தீர்ப்புச் சொல்லமாட்டார். அதை மறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. ஆனால் இந்த ஆராய்ச்சி தோட்டத்துக்கு ஆகாது என்று சொல்வதைத்தான் ஏற்க முடியாது. தோட்டத்துக்குத்தான் அது மற்ற எவரையும்விட அதிகம் தேவை. காரணம் சொல்கிறேன்.

ஒரு முதியவருக்கு டிமென்ஷியா உண்டா என்று பார்க்க உலகமெங்கும் பயன்படும் பழைய சோதனை ஒன்று உண்டு. 1975இல் வந்தது, மொத்தம் 30 புள்ளி. அதில் ஒரு வாக்கியத்தைப் படித்து அதன்படி செய்ய 1 புள்ளி, ஒரு வாக்கியம் எழுத 1 புள்ளி, ஐங்கோணங்களைப் பார்த்து வரைய 1 புள்ளி, 100இலிருந்து ஏழு ஏழாகக் கழித்துச் சொல்ல 5 புள்ளி. பெயரெழுதவும் கற்றிராத, மனக்கணக்குப் பழகாத, ஆனால் நினைவில் ஒரு பழுதும் இல்லாத ஒரு பாட்டி இந்த எட்டையும் இழந்தால் மிச்சம் 22. பொதுவாக 24க்குக் குறைந்தால் சந்தேகம் என்பார்கள். ஆக, பள்ளிக்கூடம் தராத நாட்டுக் குற்றத்துக்கு அந்தப் பாட்டி ‘புத்தி கெட்டவள்’ என்று முத்திரை வாங்குகிறாள். இல்லையென்றால், ‘இவர்கள் எல்லோருக்கும் குறைவாகத்தான் வரும்’ என்று மருத்துவரே அந்தச் சோதனையை ஒதுக்கிவைத்துவிட, நோயுள்ளவளும் தப்பிப்போகிறாள். தோட்டப் பாடசாலைகள் அரசின் பொறுப்புக்கு வரத் தொடங்கியதே 1970களில். இன்று 70ஐத் தாண்டியவர்களில் எத்தனை பேர் ஐந்தாம் வகுப்பைக் கண்டிருப்பார்கள்?

மூளையின் மின்னலையோ எழுத்தறிவைக் கேட்பதில்லை. கண்ணை மூடி உட்கார்ந்தால் போதும். அபூர்வமாக வரும் ஓசையைக் கேட்டால் விரலை அசைத்தால் போதும். ஸ்கான் இயந்திரம் பெரிய செலவுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஈ.ஈ.ஜி. வலிப்பு நோயாளிகளுக்காக ஏற்கெனவே பெரிய வைத்தியசாலைகளில் இருக்கும் சாதாரணக் கருவி. பள்ளிக்கூடம் போகாதவளை நியாயமாக அளக்கக்கூடிய வழி ஒன்று வளர்ந்துவரும்போது, அது பணக்காரர்களுக்கானது என்று அவள் பெயராலேயே மறுப்பது அவளுக்குச் செய்யும் துரோகம். கேள்வி கேட்டே சோதிக்கவேண்டும் என்றாலும் அதற்கும் வழி இருக்கிறது. 10/66 என்ற ஆய்வுக்குழு, படிக்காதவர்களையும் நியாயமாகச் சோதிக்கும் முறைகளைச் சென்னையிலும் வேலூரிலும் தமிழ் பேசும் முதியோரிடமே பயன்படுத்தியது. டிமென்ஷியா நோயாளிகளில் 66 சதவீதத்தினர் ஏழை நாடுகளில் இருக்க, ஆராய்ச்சியில் 10 சதவீதம்கூட அவர்களைப் பற்றியதாக இல்லை என்ற கணக்குத்தான் அந்தக் குழுவுக்குப் பெயராயிற்று. கட்டுரையாளர் அந்த அநீதியைக் கண்டிக்கவில்லை, பரிந்துரைக்கிறார்.

மருந்தே இல்லாத நோயைக் கண்டுபிடித்து என்ன பயன் என்ற கேள்விதான் என்னை மிகவும் கோபப்படுத்தியது. மருந்து உள்ள நோய் எது, இல்லாதது எது என்று பார்க்காமல் அவருக்கு எப்படித் தெரிந்தது? பல ஆண்டுகள் கொழுந்துக் கூடையைத் தலைக்கயிற்றில் மாட்டிச் சுமந்த ஒருவருக்குக் கழுத்தெலும்பு தேய்ந்து தண்டுவடத்தை அழுத்தினால், கை மெலியும், கால் விறைக்கும். வெளிப்பார்வைக்கு இயக்க நரம்பணு நோய் போலவே இருக்கும். அதற்கு அறுவைச் சிகிச்சை உண்டு. உயிர்ச்சத்து பி12 குறைந்தால் நடையும் தடுமாறும், நினைவும் தடுமாறும். ரொட்டியும் சம்பலுமாக வயிற்றை நிரப்புகிறவர்களுக்கு அது வர வாய்ப்பு அதிகம். அதற்கு ஊசி இருக்கிறது. தைரொய்ட் குறைவால் மந்தமானவர் மாத்திரையில் தேறுவார். இளைஞர்களுக்கு ஒரு கை மட்டும் மெலிந்து சில ஆண்டுகளில் தானாக நின்றுவிடும் நோயொன்றை ஜப்பானில் ஹிராயாமா 1959இல் விவரித்தார். பெங்களூரில் கௌரி தேவி 1980களில் அதை இந்தியாவில் விரிவாகப் பதிவு செய்தார். அந்தப் பையனிடம் ‘உனக்கு மருந்தில்லாத நோய்’ என்று சொல்வது எத்தனை பெரிய கொடுமை. பெயர் தெரியாவிட்டால் இவர்கள் எல்லோரும் ஒரே குழியில் தள்ளப்படுவார்கள்.

உண்மையிலேயே இயக்க நரம்பணு நோய்தான் என்றாலும் செய்ய எவ்வளவோ இருக்கிறது. 1990களின் நடுப்பகுதியில் வந்த ரிலூசோல் சில மாதங்கள் ஆயுளைக் கூட்டும். 2006இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வொன்றில், விழுங்கும் தசைகள் அதிகம் கெடாதவர்களுக்கு முகக்கவசம் வழியாக இரவில் மூச்சுக்குத் துணைசெய்யும் கருவி கொடுத்தபோது, ஆயுள் ஆறு மாதங்களுக்கும் மேல் நீண்டது. தூக்கமும் அமைதியும் கூடின. எப்படி ஊட்டினால் புரையேறாது என்று மகளுக்குக் கற்றுக்கொடுக்கலாம். முக்கியமான இன்னொன்று: காசும் கையெழுத்தும். ஊழியர் சேமலாப நிதியும் நம்பிக்கை நிதியும் ஒரு தோட்டத் தொழிலாளியின் ஆயுட்காலச் சேமிப்பு. சிந்தனை தெளிவாக இருக்கும்போதே, வாயிலிருந்து பேச்சு வரும்போதே அதற்கான தாள்களை முடித்துக்கொள்ள வேண்டும். நோய் மூளையின் முன்பகுதியையும் தொடுகிறது என்று யாரும் சொல்லாததால், ஆறு மாதம் கழித்து யாரோ கட்டைவிரலைப் பிடித்து அழுத்தி எடுத்துக்கொண்டு போவார்கள். ‘கண்டுபிடித்து என்ன பயன்’ என்று கேட்கிறவர் இந்தக் குடும்பத்திடம் வந்து கேட்கட்டும்.

கழிப்பறைக்கும் ஈ.ஈ.ஜி.க்கும் அவர் மூட்டிவிடும் சண்டையும் போலியானது. 2024இல் லான்செட் ஆணையக்குழு, உலகில் டிமென்ஷியாவில் ஏறத்தாழ 45 சதவீதத்தை 14 காரணங்களைக் குறைப்பதன் மூலம் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்றது. குறைந்த பள்ளிப்படிப்பு, காது மந்தம், இரத்த அழுத்தம், நீரிழிவு, புகை, மது, காற்று மாசு, தனிமை ஆகியவை அந்தப் பட்டியலில் உள்ளவை. காம்பராவுக்குள் விறகடுப்புப் புகை நிறைந்திருக்க, பிள்ளைகள் கொழும்புக்குப் போய்விட, காது கேட்காத முதியவள் தனியே உட்கார்ந்திருக்கிறாள் என்றால், மூளை நோய்க்கான காரணங்கள் அந்த ஒரே அறையில் கூடியிருக்கின்றன. 2019ஆம் ஆண்டு அரசின் கணக்கின்படி நாட்டில் வறுமை 14.3 சதவீதம், தோட்டத்துறையில் 33.8 சதவீதம். வீடும் பள்ளியும் கேட்பது மூளையைக் காக்கக் கேட்பதும்தான். ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறுப்பவர் இரண்டையும் தரப்போவதில்லை.

டிக்கோயா கிளங்கனில் இந்திய உதவியில் கட்டிய 150 கட்டில் வைத்தியசாலை 2017 மே மாதம் திறக்கப்பட்டது. அங்கும் நுவரெலியா வைத்தியசாலையிலும் நரம்பியல் மருத்துவர் குறித்த நாளில் வந்து, நோயாளியிடம் தமிழிலேயே கேட்டு, பார்த்துச் சொல்லும் ஏற்பாடு நிலையாக வேண்டும். படிக்காதவரையும் அளக்கக்கூடிய தமிழ்ச் சோதனை தோட்டத்து மருத்துவ உத்தியோகத்தர்களின் கையில் இருக்கவேண்டும். நோயாளியை வீட்டில் வைத்துப் பார்ப்பதற்காகப் பேர் (நாட்கூலி) இழக்கும் மகளுக்கும் மருமகளுக்கும் உதவித்தொகை வேண்டும். கட்டுரையாளர் எழுத வேண்டியது இவற்றைக் கேட்டுத்தான். மலையகத்தில் இந்த நோய்கள் இல்லை என்ற தன் வாக்கியத்தை அவர் திரும்பப் பெறவேண்டும்.

இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் லயத்தில் யாருக்காவது ஒரு கையோ காலோ வலியில்லாமல் மெலிந்துகொண்டு போனால், தசை ஓயாமல் துடித்தால், பேச்சு குழறிப் புரையேறினால், ஐம்பது வயதுக்குப் பின் குணம் தலைகீழாக மாறினால், உழைப்பு என்றோ சாராயம் என்றோ யார் சொன்னாலும் ஏற்காதீர்கள். கிளினிக் கொப்பியோடு போய் நரம்பியல் பிரிவுக்குக் கடிதம் கேளுங்கள். முதல் முறை தராவிட்டால் இரண்டாம் முறையும் போய்க் கேளுங்கள்.